குளிரும் இல்லை, பயமும் இல்லை. மயிர் மட்டும் சிலிர்க்கிறது!

மார்கழி, தை மாதங்களில் சேலம் பக்கத்திலிருந்து ராத்திரி ரெயில் ஏறி, விடியற்காலையில் பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியை விட்டு பிளாட்பாரத்தில் கால் வைத்தவுடன் கைகளைக் கட்டிக் கொள்வார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மயிர் எழுந்து நிற்கும். தோல், உரித்த கோழித் தோல் போலப் புள்ளி புள்ளியாக ஆகிவிடும். டீக்கடைக்குப் போய் சூடாக ஒரு டீ குடித்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் குளிரே இல்லாதபோது, சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழே படுத்திருக்கும் ஒருவருக்கு மயிர் சிலிர்த்தால்?

"காத்து கருப்பு அண்டிவிட்டது" என்பார்கள் சிலர். "பயந்த கோளாறு, மந்திரித்து விடு" என்பார்கள் வேறு சிலர். "குளிர் காய்ச்சல், போர்த்திப் படுக்க வை" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். சில நோயாளிகளுக்கு இந்த மூன்றாவது யோசனைதான் எல்லாவற்றையும் விட ஆபத்தானது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

கேட்காமல் வேலை செய்யும் நரம்புகள்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த ஊரில் 1884 ஜனவரியில் வெப்பம் 7.8 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கியது. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை ஏறியது. ஆனால் குளிரானாலும் வெயிலானாலும் ஆரோக்கியமான மனிதனின் உடம்புச் சூடு 37 டிகிரியை, அதாவது 98.6 பாரன்ஹீட்டை ஒட்டியே நிற்கிறது.

இதை நாம் யோசித்துச் செய்வதில்லை. மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. கண்ட்ரோல் ஆபீஸ் போல அது உத்தரவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வெயில் என்றால் "வியர்வையை விடு, தோலின் ரத்தக் குழாய்களை விரி." குளிர் என்றால் "குழாய்களைச் சுருக்கு, மயிரை எழுப்பு, உடம்பை நடுங்க வை." இந்த உத்தரவுகளில் நடுக்கம் தவிர மற்றவற்றை எடுத்துச் செல்பவை தானியங்கி நரம்புகள். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஜீரணம், சிறுநீர்ப் பை ஆகியவையும் இந்த நரம்புகளின் பொறுப்பில்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு மயிரின் வேரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தசை உண்டு. அது சுருங்கினால் மயிர் நிமிர்கிறது. கரடிக்கும் பூனைக்கும் இதனால் பயன் உண்டு. அடர்ந்த மயிருக்கு இடையே காற்று தங்கிக் கம்பளி போல் காக்கிறது. மனிதனுக்கோ மயிர் போய்விட்டது, தசை மட்டும் மிச்சம்!

ஆனால் உபயோகமற்ற இந்தத் தசைதான் விஞ்ஞானிகளுக்கு வழி காட்டியது. இங்கிலாந்தைச் சேர்ந்த லாங்லி, ஷெரிங்டன் என்ற இருவர், மயிரை எழுப்பும் நரம்புகளைப் பற்றி 1891-ல் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். எந்த நரம்பைத் தூண்டினால் பூனையின் எந்த இடத்தில் மயிர் எழுகிறது என்று பார்த்துப் பார்த்து, நரம்புகளின் பாதையைக் கண்டுபிடித்தார்கள். தானியங்கி நரம்பு மண்டலம் என்று இன்று நாம் சொல்வதற்கு 1898-ல் ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரும் அதே லாங்லிதான்.

நரம்பு கெட்டால்

இந்த நரம்புகள் பழுதாகும் நிலைக்கு டாக்டர்கள் "டிஸ்ஆட்டோனோமியா" என்று பெயர் சொல்கிறார்கள். இது ஒரு தனி வியாதி அல்ல. பல வியாதிகள் வந்து சேரும் இடம்.

நம் மக்களிடையே அதிகம் காணப்படும் காரணம் சர்க்கரை வியாதி. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால், காலில் தொடங்கி நரம்புகள் சேதமடைகின்றன. பாதம் வியர்க்காது, தோல் காய்ந்து வெடிக்கும். அதை ஈடுகட்ட முகத்திலும் மார்பிலும் வியர்வை கொட்டும். சிலருக்குச் சாப்பாட்டில் கை வைத்தவுடன் நெற்றி நனைந்துவிடும். "காரம் அதிகம்" என்று வீட்டுக்காரியிடம் கோபித்துக் கொள்வதில் பயன் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டுவதும் இதே கூட்டத்தைச் சேர்ந்த அறிகுறிதான். ஆபீசில் நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் இதைச் சாதாரண அசதி என்று தள்ளிவிடுகிறார்கள்.

இளம் பெண்களிடம் அதிகம் காணப்படும் இன்னொரு வகை உண்டு. படுத்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும் நாடி, எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் 30 துடிப்புக்கு மேல் எகிறிவிடும். கை சில்லிடும். கால் கருநீலமாகும். வெயில் கொஞ்சமும் தாங்காது. இவர்களில் பலருக்கு நெடுங்காலம் கிடைக்கும் பட்டம் "பயந்தாங்கொள்ளி" அல்லது "வேலைக்கு டிமிக்கி."

பார்க்கின்சன் வியாதியிலும் வியர்வை தாறுமாறாகும். தொழுநோய்த் தேமலில் வியர்வை வராது என்பது டாக்டர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த அடையாளம்.

ஆனால் மயிர் சிலிர்ப்பு உயிருக்கே அபாய மணியாக அடிப்பது இவர்களுக்கு அல்ல. முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கு!

சாரத்திலிருந்து விழுந்தவர்கள்

பெங்களூரின் அடுக்கு மாடிகளைக் கட்டும் கைகளில் தமிழ்நாட்டுக் கைகள் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் வேலை, பெயிண்டர். சாரம் சரிந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர், தலையில் சுமையோடு வழுக்கி விழுந்தவர் என்று இவர்களில் சிலருக்குத் தண்டுவடம் நசுங்கிவிடுகிறது. ஆபரேஷன் நடக்கிறது. உயிர் பிழைக்கிறார். கை கால் வராமல் வீட்டுக்குத் திரும்புகிறார்.

கை கால் வராதது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தானியங்கி நரம்புகளின் லைனும் அதே இடத்தில் போய்விட்டது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

முதுகில் மார்புப் பகுதியில் முள்ளெலும்புகள் 12. அவற்றில் 6-வது எலும்போ, அதற்கு மேலே கழுத்து வரையோ காயம் இருந்தால்தான் இந்த ஆபத்து பெரும்பாலும் வருகிறது. அதுவும் அடிபட்ட உடனே வராது. சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து, பெரும்பாலும் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகுதான் தலைகாட்டும். பக்கத்தில் நர்சு இல்லை, டாக்டர் இல்லை. மனைவியோ அம்மாவோ மட்டும் இருப்பார்கள்.

நடப்பது இதுதான். சிறுநீர்ப் பை நிரம்புகிறது. டியூப் மடங்கிக் கிடப்பதால் சிறுநீர் வெளியே போகவில்லை. உணர்ச்சி இல்லாததால் நோயாளிக்கு அது தெரியாது. ஆனால் காயத்துக்குக் கீழே இருக்கும் நரம்புகளுக்குத் தெரிகிறது! அவை பதறிப்போய் ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறுகிறது. மேலே மூளை இதைக் கவனித்து "நிறுத்து, தளர்த்து" என்று உத்தரவு போடுகிறது. கண்ட்ரோலிலிருந்து வந்த செய்தி, லைன் அறுந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. கீழே உள்ள ஸ்டேஷன்கள் தங்கள் இஷ்டத்துக்கு சிக்னல் போட்டுக்கொண்டிருக்கின்றன.

வெளியே தெரியும் அடையாளங்கள்: தலை வெடிப்பது போல் வலி. முகம் சிவந்து, காயத்துக்கு மேலே வியர்வை. மூக்கடைப்பு. கீழே கால்கள் வெளிறிச் சில்லிடும். நாடி மெதுவாகும். கூடவே மயிர் சிலிர்ப்பு.

கால் சில்லென்று இருக்கிறது, மயிர் சிலிர்த்திருக்கிறது, நெற்றி வியர்க்கிறது. பார்க்கிற எந்தத் தாய்க்கும் என்ன தோன்றும்? "குளிர் ஜுரம்!" உடனே படுக்க வைத்து இரண்டு கம்பளி போர்த்துவாள். படுக்க வைத்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும். மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம், வலிப்பு வரலாம். அன்பினால் செய்த காரியம் ஆளையே முடித்துவிடக் கூடும்.

செய்ய வேண்டியது நேர் எதிர். நோயாளியை உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். காலைத் தொங்க விட வேண்டும். இடுப்புப் பட்டை, இறுக்கமான பனியன், கால் உறை, சிறுநீர்ப் பையைக் கட்டிய நாடா எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். பிறகு டியூபைப் பார்க்க வேண்டும். மடங்கி இருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பி வழிகிறதா? பெரும்பாலும் குற்றவாளி அங்கேயே அகப்படுவான். அங்கே இல்லை என்றால் மலச்சிக்கல், படுக்கைப் புண், காலில் தசைக்குள் வளர்ந்த நகம், பாயில் கிடந்த ஒரு ஊசி, ஒரு பட்டன். அவனுக்கு வலிக்காது. அவனுடைய நரம்புக்கு வலிக்கும். காரணத்தை நீக்கியும் சில நிமிடங்களில் தலைவலி இறங்காவிட்டால், உட்கார்ந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது? ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-ல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரமே இறந்துபோவார்கள் என்று டாக்டர்களே கைவிட்டிருந்தார்கள். சிறுநீர்ப் பை நிரம்பும்போது இவர்களின் ரத்த அழுத்தம் எகிறுவதை குட்மனும் விட்டரிட்ஜ் என்ற டாக்டரும் 1947-ல் விளக்கமாக எழுதினார்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு 1948-ல் குட்மன் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆக வளர்ந்தது.

பெங்களூரில் விழுந்து ஆய்க்குடியில் எழுந்தவர்

இந்த ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு தமிழரின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது.

ஆய்க்குடி எஸ்.ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் வந்தார். அது 1975 ஜனவரி. உடல் திறன் சோதனையின்போது விழுந்து கழுத்தில் காயம். கழுத்துக்குக் கீழே உடம்பு செயல் இழந்தது. புனே அருகே கிர்க்கி ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்தியம் செய்து தெம்பு கொடுத்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சஹால். அந்த டாக்டரின் பெயரால் 1981-ல் தென்காசி அருகே ஆய்க்குடியில் "அமர் சேவா சங்கம்" தொடங்கினார் ராமகிருஷ்ணன். சின்னதாக ஆரம்பித்த சங்கம் பள்ளி, மறுவாழ்வு மையம், கிராம சேவை என்று பெரிதானது. தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கும் அங்கே பயிற்சி தரப்படுகிறது. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

1975-ல் விழுந்தவர், 45 ஆண்டுகள் கழித்து பத்மஸ்ரீ! கழுத்துக் காயம் என்றால் வாழ்க்கை முடிந்தது என்று மூலையில் கிடத்திவிடும் குடும்பங்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கழுத்தில் காயம் பட்டவர் நீண்ட காலம் வாழ முடியும். ஆனால் தினசரிப் பராமரிப்பில் சிறுநீர், மலம், தோல், உடம்புச் சூடு இந்த நான்கும் தவறக் கூடாது.

வெயிலும் வாடையும்

முதல் மூன்றையும் ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். நாலாவதை வீட்டில்தான் பெரும்பாலோர் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கழுத்துக் காயம் பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே அனேகமாக வியர்வையே கிடையாது. அதனால் வெயிலில் வைத்த இரும்புப் பெட்டி போல உடம்பு சூடேறுகிறது. தகரக் கூரை வீட்டில் பகல் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் 101, 102 காட்டலாம். அது காய்ச்சலாகவும் இருக்கலாம், வெறும் சூடாகவும் இருக்கலாம். வெறும் சூட்டுக்குப் பாராசிட்டமால் மாத்திரை கேட்காது. நிழலுக்கு மாற்றி, ஈரத் துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டால் சற்று நேரத்தில் இறங்கும். இறங்காவிட்டாலும், சிறுநீர் கலங்கி நாற்றம் அடித்தாலும் அது தொற்றுக் காய்ச்சல். டாக்டரிடம் போக வேண்டும். 104-ஐத் தொட்டுவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில் ஒன்றைச் சக்கர நாற்காலியில் தொங்க விட்டுக்கொள்வது நல்லது. வராத வியர்வைக்குப் பதிலாக அது. சக்கர நாற்காலியில் விளையாடும் வெளிநாட்டு வீரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. சிறுநீர்ப் பையை அடக்கிவைக்கத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள், மிச்சம் இருக்கும் வியர்வையையும் குறைக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கோடையில் டாக்டரிடம் சொல்லி யோசனை கேட்க வேண்டும். சிறுநீர் தொல்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. அது இரட்டை முட்டாள்தனம்.

வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். நடுக்கம் என்பது உடம்பின் அடுப்பு. காயத்துக்குக் கீழே அந்த அடுப்பு பற்றாது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினால், காலையில் உடம்புச் சூடு 95 பாரன்ஹீட்டுக்குக் கீழே போய்விடக் கூடும். கனமான ஒரு போர்வையை விட மெல்லிய துணிகள் இரண்டு மூன்று அடுக்காகப் போடுவது மேல். வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம். வெந்நீர்ப் பை, சூடாக்கிய செங்கல், ஹீட்டர் இவற்றைக் காலுக்கு அருகில் கொண்டு போகவே கூடாது. தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

எங்கே போவது?

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியை நம்மவர்கள் பலர் இன்னும் "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்றே சொல்லிக்கொண்டு, அந்தப் பக்கம் போகக் கூச்சப்படுகிறார்கள். மைசூர் அரசின் பழைய மனநல ஆஸ்பத்திரியும் அகில இந்திய மனநலக் கழகமும் 1974-ல் ஒன்று சேர்ந்து உருவானது அது என்பது உண்மைதான். ஆனால் அதன் பெயரிலேயே நரம்பு விஞ்ஞானமும் இருக்கிறது. பக்கவாதம், வலிப்பு, தண்டுவட நோய்கள் எல்லாவற்றுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. நரம்பு நோயாளிகளின் மறுவாழ்வுக்கென்று தனிப் பிரிவும், தானியங்கி நரம்புகளைச் சோதிக்க ஒரு பரிசோதனைக் கூடமும் உண்டு.

அந்தச் சோதனையில் கத்தி இல்லை. மார்பில் ஈ.சி.ஜி. ஒயர்களை ஒட்டுவார்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். ஒரு குழாயில் 15 வினாடி அழுத்தி ஊதச் சொல்வார்கள். படுத்திருந்தவரை எழுந்து நிற்கச் சொல்லி நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். கைப்பிடி ஒன்றை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகளின் நரம்பைச் சோதிக்க ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1970-களில் வகுத்த முறைகள்தான் இவை.

தண்டுவடக் காயம் பட்டவர்களுக்குப் பயிற்சி தரும் இன்னொரு இடம் ஏ.பி.டி. என்று அழைக்கப்படும் ஊனமுற்றோர் சங்கம். என்.எஸ்.ஹேமா என்ற பெண்மணி 1959-ல் தொடங்கிய இந்தச் சங்கத்தின் தலைமையிடம் லிங்கராஜபுரத்தில் இருக்கிறது.

ஒரு அட்டை

கடைசியாக, ஆஸ்பத்திரி வாசலில் ஏற்படும் ஒரு சிக்கல். மார்பின் 6-வது எலும்புக்கு மேலே காயம் பட்டவர்களின் சாதாரண ரத்த அழுத்தம் மற்றவர்களை விடக் குறைவு. மேல் அளவு 90 முதல் 110 வரை இருப்பதே அவர்களுக்கு இயல்பு. தலைவலியோடு வரும்போது அது 140 என்று இருந்தால், "நார்மல்தானே, போங்கள்" என்று புதிய டாக்டர் சொல்லிவிடக் கூடும். மற்றவர்களுக்கு அது நார்மல். இவருக்கு 20 முதல் 40 வரை ஏறினாலே அபாயம். கன்னடம் பேச வராத மனைவி, அவசரத்தில், நடுராத்திரியில் இதை எப்படி விளக்குவாள்?

ஒரு அட்டையில் எழுதி வைக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையைக் கொண்டு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொள்ளலாம். நோயாளியின் பெயர், வயது. காயம் எந்த எலும்பில், எந்த ஆண்டு. நன்றாக இருக்கும் நாளில் பார்த்த ரத்த அழுத்தம் எவ்வளவு. சாப்பிடும் மாத்திரைகள். கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி: "ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா வரக் கூடியவர். படுக்க வைக்காதீர்கள், சிறுநீர் டியூபை முதலில் பாருங்கள்." ரேஷன் கார்டுக்கு உறை போடுவது போல இதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, சக்கர நாற்காலியின் பின்பக்கப் பையில் வைத்துவிடலாம்.